ரத்தக்கட்டு வேறு, உறைவு வேறு

"காலில் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அதிகம்." புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த இந்த வரியைப் படித்துவிட்டு, கட்டில் கால் இடித்து முழங்காலுக்குக் கீழே கன்றிப்போயிருந்த என் சித்தி இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. இந்தத் தப்பை இன்னும் எத்தனை முறைதான் பார்ப்பது?

அவர்கள் சொல்ல வந்தது த்ராம்போசிஸ். கிரேக்கத்தில் த்ரோம்போஸ் என்றால் உறைந்த கட்டி. ரத்தக்குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்து வழியை மறிப்பதற்கு அந்தப் பெயர், அவ்வளவுதான்.

நம் ஊரில் ரத்தக்கட்டு என்பது அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து நீலம் பாரித்து நிற்பது. கடலூரில் யாரிடம் கேட்டாலும் புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போடு, நல்லா நீவி விடு என்பார்கள். நிஜமாகவே காலின் ஆழ்சிரையில் (தசைக்குள் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில்) உறைவு இருக்கிறவர் அப்படி நீவிவிட்டால் அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்து உயிருக்கே உலை வைக்கலாம், இதைத்தான் இப்படிப்பட்ட செய்திகளைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் யோசிப்பதே இல்லை. சிலர் 'ரத்தக்கட்டி' என்கிறார்கள், அது இன்னும் மோசம், கட்டி என்றதுமே புற்றுநோய் பயம் வந்துவிடும்.

உறைவு என்றால் பாலுக்கு உறை ஊற்றுகிற யாருக்கும் புரியும். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் தாத்தா இதைக் 'கயோ' என்பார், அதுவும் பால் திரிவதைச் சொல்லும் வினையிலிருந்து வந்ததுதான். வெட்டுக்காயத்தில் ரத்தம் உறைவது நல்ல காரியமாயிற்றே, குழம்பாதா என்று கேட்கலாம். நியாயம்தான். அதனால்தான் இடத்தையும் சேர்த்து, இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாயில் என்றால் சிரை உறைவு, இதயத்திலிருந்து ரத்தம் போகும் குழாயில் என்றால் தமனி உறைவு என்கிறேன். தமனியும் சிரையும் வடமொழி என்று தனித்தமிழ் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். உண்மைதான், ஆனால் பள்ளிப் பாடநூலில் படித்த சொற்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எதைக் கற்றுக்கொடுப்பது? (தெருவில் சிரையை 'நரம்பு' என்கிறோம், அது தனிப் பஞ்சாயத்து.)

அந்தச் சுவர் வரி சொல்ல வந்த செய்தியின் உயிரே சிரை, தமனி என்ற வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஓட்டம் வேகமான தமனியில் உறைவது பெரும்பாலும் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் சிறு அணுக்கள்), மெதுவான சிரையில் ஃபைப்ரின் என்ற புரத இழை வலையில் சிக்கிய சிவப்பணுக்கள். இரண்டும் வேறு வேறு நோய் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2007இல் வெளியான, 20 ஆண்டுத் தரவுகளைப் பார்த்த டென்மார்க் ஆய்வில், சிரை உறைவு வந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வந்தது தெரிந்தது, அதுவும் முதல் ஆண்டில்தான் அதிகம். இரண்டு குழாய்க்கும் பொதுவாக 'ரத்தநாளம்' என்று எழுதிவிட்டால் இதில் செய்தி எங்கே இருக்கிறது?

'ஆழ்சிரை உறைவு வந்தவர்களுக்கு' என்று அந்தத் தாளில் தொடங்கியிருந்தால், சித்தி அதைத் தாண்டி மாத்திரை வாங்கப் போயிருப்பார்.