கைகள் பார்த்தவை

நாளிதழின் உள்பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது: ‘நீண்ட தேடலுக்குப் பின் உடல் மீட்கப்பட்டது.’ செயப்பாட்டு வினை. மீட்டவர் யார் என்பதற்கு அதில் இடமே இல்லை. ஏரியோ, கிணறோ, குவாரிக் குட்டையோ, யாரோ ஒருவர் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கி, இருட்டில் துழாவி, தட்டுப்பட்டதைப் பிடித்து மேலே கொண்டுவந்திருக்கிறார். ஈழத்தமிழில் அவருக்கு அருமையான பெயர் உண்டு: சுழியோடி. நாம்தான் தீயணைப்பு வீரர், மீனவர், நீச்சல் தெரிந்த இளைஞர் என்று எதையாவது போட்டு ஒப்பேற்றுகிறோம். சுழியோடி என்றே வைத்துக்கொள்வோம். உடலைக் கரையில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரோடு கூடவே எதுவோ வீட்டுக்கு வருகிறது. அது எப்படி வருகிறது?

கடலடி என்றால் நமக்கு நீல வெளிச்சமும் பவளப்பாறையும்தான் நினைவுக்கு வரும். சடலம் தேடுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சேறு. டார்ச் அடித்தால் மிதக்கும் துகள்களில் பட்டு வெளிச்சம் அவர் கண்ணுக்கே திரும்பும். மூடுபனியில் ஹைபீம் போட்டு ஓட்டுவது போல. அதனால் கயிறுதான் வழிகாட்டி. ஒரு முனை கரையில் நிற்பவர் கையில், மறுமுனை சுழியோடியின் உடம்பில். கயிற்றை இழுக்கும் கணக்கில் இருவரும் பேசிக்கொள்வார்கள். அவர் பிறைவடிவில் நகர்ந்தபடி கைகளால் அடித்தரையைத் தடவிக்கொண்டே போவார். கண் திறந்துதான் இருக்கும், பார்ப்பதென்னவோ கை.

கண்ணுக்கு வேலையில்லை என்பதால் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை. ஒரு பொருளைத் தொட்டு இன்னதென்று கண்டுகொள்ளும்போது, பார்த்து வடிவம் அறியும் பகுதிகளில் சிலவும் சேர்ந்தே இயங்குகின்றன. கையுறை வழியே ஒரு சட்டைக் காலர், பிறகு கழுத்து என்று தட்டுப்பட்டால் மீதியை மூளை வரைந்து முடித்துவிடும். அவர் பார்க்கவே பார்க்காத ஒரு முகம் இப்படித்தான் அவருக்குள் பதிகிறது. கண்ணால் கண்டதைவிட இது கொடியது என்று எனக்குத் தோன்றும். கண்டதற்கு ஓர் எல்லை உண்டு.

அந்த நொடியில் அவர் பதறவும் முடியாது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல 4 மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டரிலிருந்து 4 மடங்கு காற்று போகிறது. மூச்சு வாங்கினால் காற்று தீரும், காற்று தீர்ந்தால் இரண்டு உடல். ஆகவே பயிற்சி பெற்றவர் பயத்தைத் தள்ளிவைக்கிறார். கயிற்றை இழுத்துச் சொல்கிறார், பற்றிக்கொள்கிறார், மேலே வருகிறார். கரையில் நிற்பவர்கள் ‘கல்நெஞ்சு’ என்று வியப்பார்கள். உள்ளே நடப்பது வேறு. நெருக்கடியில் சுரக்கும் நார்அட்ரினலின் உடம்பெங்கும் ஓடுகிறது. அச்சத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலா ஒவ்வொரு புலன் உணர்வையும் அழுத்திப் பதிக்கிறது. இது எங்கே, எப்போது, எதற்குப் பின் எது என்று அடுக்கிவைக்க வேண்டிய ஹிப்போகேம்பஸோ கடும் நெருக்கடியில் தடுமாறுகிறது. விளைவு, தபால் முத்திரை விழாத கடிதம் போன்ற ஒரு நினைவு. அனுப்பிய தேதி அதில் கிடையாது. எப்போது வந்து சேர்ந்தாலும் இன்றைக்கு நடப்பது போலவே இருக்கும்.

சுழியோடிக்கு அந்தக் கடிதம் பெரும்பாலும் தோல் வழியாக வரும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈர முடி விரல்களில் சுற்றிக்கொள்கிறது. அவ்வளவுதான், இதயம் அடித்துக்கொள்ளும், கை தானாக விலகும். ஏன் என்று அவருக்கே உடனே விளங்காது. அடுத்த வாரத்திலிருந்து குளிப்பாட்டும் வேலையை மனைவியிடம் தள்ளிவிடுவார்.

இத்தனை பேர் இந்த வேலையைச் செய்தும் எல்லோரும் நொறுங்கிப் போவதில்லை. ஒருவர் தாங்குகிறார், ஒருவர் உடைகிறார். மனத்திடம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். கிடைத்திருக்கும் ஆய்வுகள் கரைப்பக்கமும் கையைக் காட்டுகின்றன.

1988 ஜூலையில் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடப் பகுதி கடலடியில் கிடந்தது. சில மாதங்களுக்குப் பின் அதை அப்படியே தூக்கி ஆர்க்னியின் ஃப்ளோட்டா தீவுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே இருந்த எண்பதுக்கும் மேற்பட்ட உடல்களை எடுத்தது ஸ்காட்லாந்துப் போலீசார். தற்செயலாக, விபத்துக்கு முன்பே அவர்களிடம் ஒரு மனநலக் கணக்கெடுப்பு நடந்திருந்தது. இத்துறையில் கிடைக்கவே கிடைக்காத அதிர்ஷ்டம் இது. பொதுவாக ‘முன்பு எப்படி இருந்தார்’ என்பதற்கு யாரிடமும் ஏடு இருக்காது. ஆய்வாளர்கள் அலெக்ஸாண்டரும் வெல்ஸும் 1991-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், அந்தப் போலீசாரின் மனநலம் விபத்துக்கு முன்பிருந்ததைவிட மோசமாகவில்லை. என்ன பார்க்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், வேலை ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தது, சகாக்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். கரிய நகைச்சுவையும் ஓடியது. (சடலத்துக்குப் பக்கத்தில் சிரிக்கிறார்களே என்று நம் ஊரில் யாராவது கொதித்தால் இதை நினைத்துக்கொள்ளலாம். அந்தச் சிரிப்பு இறந்தவரைப் பற்றியதல்ல.)

இன்னொரு கடலில் வேறு கதை. 2014 ஏப்ரல் 16 அன்று தென்கொரியாவின் ஜிண்டோ தீவருகே சேவோல் கப்பல் கவிழ்ந்தது. 304 பேர் இறந்தார்கள். அவர்களில் 250 பேர் சுற்றுலா கிளம்பிய ஒரே பள்ளியின் மாணவர்கள். சுமார் 40 மீட்டர் ஆழம், நீரோட்டம் தணியும் குறுகிய இடைவெளியில் மட்டுமே இறங்க முடிந்த கடல். உடல்களில் பெரும்பாலானவற்றை மேலே கொண்டுவந்தவர்கள் அரசுப் பணியில் இல்லாத தனியார் சுழியோடிகள். குறுகலான அறைகளிலிருந்து பிள்ளைகளை எடுத்துவர ஒரே வழிதான் இருந்தது: இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வருவது. கரையில் பெற்றோர் காத்திருந்தார்கள். சுழியோடிகள் ஒரு நாளைக்குப் பல முறை இறங்கினார்கள். ஆழத்தில் ரத்தத்தில் கரையும் நைட்ரஜன், வேகமாக மேலே வரும்போது குமிழியாகி எலும்புக்குப் போகும் நுண்குழாய்களை அடைக்கலாம். எலும்பு உள்ளேயே செத்துப்போகும். அவர்களில் சிலருக்கு அதுவும் வந்தது.

ஜூலையில் அவர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். தேடலில் சக சுழியோடி ஒருவர் இறந்ததற்கு, கூட வேலை செய்த இன்னொரு தனியார் சுழியோடி மீதே வழக்குப் போட்டார்கள். 2017-ல்தான் அவரது விடுதலை உறுதியானது. அவர்களில் ஒருவரான கிம் குவான்-ஹோங் விசாரணை அரங்கில் சாட்சி சொன்னார். உடல் ஒத்துழைக்காமல் கடல் வேலையை விட்டு, இரவில் பிறர் காரை ஓட்டிக்கொடுக்கும் கூலி வேலைக்குப் போனார். 2016 ஜூனில் இறந்துபோனார். தனியார் சுழியோடிகளையும் பாதிக்கப்பட்டவர்களாகக் கருதும் சட்டத் திருத்தம் 2020-ல் நிறைவேறியது. அவர் பெயரால்தான் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

இரண்டையும் தராசில் வைக்க முடியாது என்பது தெரியும். போலீசார் தரையில் நின்று எடுத்தார்கள், உடல்கள் பெரியவர்களுடையவை. ஆனால் நடந்ததற்கு மனம் என்ன பொருள் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தே காயம் ஆறும் அல்லது புரையோடும் என்பதை உளவியலாளர்கள் ஏலர்ஸ், கிளார்க் இருவரும் 2000-ல் முன்வைத்த கோட்பாடு விளக்குகிறது. ‘செய்ய வேண்டியதைச் செய்தேன்’ என்று முடிந்த நினைவு ஒருவகை. ‘செய்ததற்குத் தண்டனையா’ என்று முடியாத நினைவு வேறுவகை. மனம் அதை ஆபத்து இன்னும் தொடர்வதாகவே எடுத்துக்கொள்ளும்.

இறந்தவரோடு எவ்வளவு நெருங்குகிறோம் என்பதும் கணக்கில் வரும். 1989-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் அயோவாவில் பீரங்கி மேடை வெடித்து 47 மாலுமிகள் இறந்தபோது உடல்களைக் கையாண்ட தன்னார்வலர்களை உர்சானோவின் குழு ஆராய்ந்தது. ‘இவன் என் நண்பனாக இருந்திருக்கலாம்’ என்று நினைத்தவர்களுக்கே பின்னால் அதிகச் சிக்கல். முகத்தையும் கைகளையும் உற்றுப் பார்க்காதே, பெயர் கேட்காதே, பையிலிருந்து விழும் பள்ளி அடையாள அட்டையைப் படிக்காதே என்று இத்தொழிலில் மூத்தவர்கள் சொல்வது இரக்கமின்மையால் அல்ல.

சரி, மேலே வந்தவுடன் என்ன செய்வது? எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லவைப்பதுதான் நெடுங்காலம் வழக்கம். 1983-ல் ஜெஃப்ரி மிட்செல் அவசரப் பணியாளர்களுக்காக வகுத்த முறை அது. கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்ற நம் பொதுப்புத்திக்கும் ஒத்துவருகிறது. ஆனால் சாலை விபத்தில் காயம்பட்டவர்களிடம் ஒரே ஒரு முறை இப்படிப் பேசவைத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வில், தொடக்கத்தில் நினைவுகள் அதிகம் துரத்தியவர்கள் 3 ஆண்டுகள் கழித்தும் பேசவைக்கப்படாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். ஆறாத புண்ணைக் கிளறியதாகவே படுகிறது. இன்று பரிந்துரைப்பது எளிமையானது: உலர்ந்த துணி, சூடான தேநீர், வீட்டுக்கு ஒரு போன், பேச விரும்பினால் கேட்க ஒருவர். பிரிட்டிஷ் ராயல் மரைன்களில் உருவான முறையில், பயிற்சி பெற்ற சகாவே 3 நாள் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை விசாரிக்கிறார். தூக்கம், எரிச்சல், குடி எல்லாம் எப்படி என்று.

நம்பச் சற்றே கடினமான ஆய்வும் ஒன்று உண்டு. எமிலி ஹோம்ஸ் குழுவினர் 2017-ல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு விபத்திலிருந்து வந்த 71 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதியினரிடம் நடந்ததைச் சற்றே நினைவூட்டி, 6 மணி நேரத்துக்குள் டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் வீடியோ கேம் ஆடச் சொன்னார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களை அழையாமல் துரத்திய நினைவுகள் மற்றவர்களைவிட 62 சதவீதம் குறைவு. கட்டைகளைத் திருப்பி அடுக்கும் வேலையும் கோரக்காட்சியைப் பதியவைக்கும் வேலையும் மூளையின் ஒரே பணிமேசைக்குப் போட்டி போடுகின்றன என்பது விளக்கம். சிறிய ஆய்வுதான், சுழியோடிகளிடம் நடந்ததும் அல்ல.

ஒரு மாதம் தாண்டியும் விடாவிட்டால் சிகிச்சைதான் வழி, அதற்கு நல்ல சான்றுகளும் உண்டு. அதில் ஒரு பகுதி, முத்திரை இல்லாத கடிதத்துக்கு முத்திரை குத்துவது. நினைவை மெல்ல, வரிசையாக, தேதியோடு சொல்லவைப்பார்கள். பிறகு எது உசுப்புகிறதோ அதையே எதிரே வைத்து, அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு என்று தேடச் சொல்வார்கள். அவர் மீண்டும் குளியலறைக்குள் போக வேண்டியிருக்கும். முடி அதே மாதிரிதான் விரலில் சுற்றும். ஆனால் இந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, சீயக்காய் வாசம் வருகிறது, பிள்ளை கண் எரிகிறது என்று கத்துகிறது.