பூட்டு அப்படியே இருக்கிறது, நகையைத்தான் காணோம்

தங்கையின் கல்யாணத்துக்காகத் துபாயிலிருந்து வந்த தம்பி ஒருவர், வந்திறங்கிய மறுநாள் மதியம் எங்கள் கவுண்டருக்கு முன்னால் நின்றார். கூடவே அவருடைய அம்மா. "சார், பூட்டு போட்டது போட்டபடியே இருந்துச்சு. வீட்டுக்குப் போய்த் திறந்தா நகை டப்பாவை மட்டும் காணோம்" என்றார். ஐந்து பவுன். பெட்டியை ஏற்கெனவே காலி செய்துவிட்டார்கள். டேகைக் கிழித்துக் குப்பையில் போட்டாயிற்று. போர்டிங் பாஸும் இல்லை. அவர் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் அதை நிரூபிக்க அவரிடமும் எதுவும் இல்லை, என்னிடமும் எதுவும் இல்லை. அந்த அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது இன்றும் கண்ணிலேயே நிற்கிறது.

வளைகுடா விமானங்கள் அதிகம் இறங்கும் ஒரு விமான நிலையத்தில், லக்கேஜ் புகார் கவுண்டரில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். தொலைந்த பெட்டிகளைப் பெரும்பாலும் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவோம். டேகில் இருக்கும் பத்து இலக்க எண்ணை வைத்து அது எந்த ஊரில் கிடக்கிறது என்று தேடலாம். பெட்டி வந்து உள்ளே இருந்த பொருள் மட்டும் போயிருந்தால்தான் கை கட்டப்பட்டதுபோல் ஆகிவிடும்.

பூட்டு உடையாமல் எப்படித் திறக்கிறார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். துணிப்பெட்டியின் ஜிப்பில் பால்பாயிண்ட் பேனாவின் முனையை அழுத்தினால் பற்கள் பிரிந்துவிடும். வேண்டியதை எடுத்த பிறகு, பூட்டோடு சேர்ந்திருக்கும் இரண்டு ரன்னரையும் (ஜிப்பைத் திறந்து மூட நாம் இழுக்கும் பிடி) அந்த வழியாக ஒருமுறை இழுத்தால் ஜிப் பழையபடி மூடிக்கொள்ளும். பூட்டை யாரும் தொடவே இல்லை. சிறிய விமானங்களில் பெட்டிகளைக் கண்டெய்னரில் வைக்காமல் ஒவ்வொன்றாக அடுக்குவது வழக்கம். அடுக்குபவர் குனிந்துகொண்டு விமானத்தின் அடியிலுள்ள இருட்டறைக்குள் இருப்பார், வெளியில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். மிகப் பெரும்பாலான லோடர்கள் முதுகு ஒடிய நேர்மையாக உழைக்கிறவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நூறு பேரில் ஒருவர் கை வைத்தாலும் பழி எல்லோர் மேலும் விழுகிறது.

சரி, என்ன செய்யலாம்? ரன்னர் நகராதபடி அதைப் பெட்டியின் கைப்பிடியோடோ பக்கவாட்டு வளையத்தோடோ கேபிள் டை போட்டு இறுக்கிவிடுங்கள். ஜிப்பைப் பேனாவால் பிரிக்கலாம், ஆனால் திரும்ப மூட முடியாது. பெட்டி வாயைப் பிளந்துகொண்டு பெல்ட்டில் வரும், திருட்டு அங்கேயே தெரிந்துவிடும். நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். திருடுவதை முழுமையாகத் தடுக்கும் பெட்டி எதையும் நான் பார்த்ததில்லை. ஜிப்பே இல்லாமல் கொக்கி போட்டு மூடும் கெட்டிப் பெட்டி இன்னும் நல்லது. பிளாஸ்டிக் சுற்றுவதும் இதே காரணத்துக்காக உதவும், கிழித்திருந்தால் தெரியும். மார்க்கரில் பெயர் எழுதிக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிதான் நம் ஆட்களுக்குப் பழக்கம். அதில் போர்வையும் பால்பவுடரும் போகட்டும், செல்போன் வேண்டாம்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே பாதுகாப்புச் சோதனையில் சாதாரணப் பூட்டை உடைத்துத் திறக்கலாம். அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஏற்றுக்கொண்ட டி.எஸ்.ஏ. பூட்டு போட்டால் அவர்களிடம் இருக்கும் மாஸ்டர் சாவியால் திறப்பார்கள். ஆனால் 2015இல் அந்தச் சாவிகளின் படம் இணையத்தில் பரவி, முப்பரிமாண அச்சில் நகல் செய்தும் காட்டிவிட்டார்கள். அந்தப் பூட்டை நம்பி விலை உயர்ந்த பொருளை வைக்காதீர்கள்.

செக்-இன் கவுண்டரில் பெட்டியை எடை மெஷினில் வைத்ததும், எடை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். டேக் மாட்டிய பிறகு எண் தெரிகிற மாதிரி இன்னொரு படம். வந்து இறங்கியதும் பெல்ட் பக்கத்திலேயே நின்று ஜிப்பை முழுக்க ஒரு சுற்று விரலால் தடவிப் பாருங்கள். பற்கள் நெளிந்திருந்தாலோ, டை அறுந்திருந்தாலோ, தூக்கும்போது லேசாகத் தெரிந்தாலோ, அங்கேயே திறந்து பாருங்கள். வெளியே மாமாவும் குழந்தைகளும் காத்திருக்கிறார்கள் என்று அவசரப்படாதீர்கள். கதவைத் தாண்டி வெளியே போய்விட்டால் பொருள் விமானத்தில் போனதா, வாடகைக் காரில் போனதா என்று கேட்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

குறைந்திருந்தால் பி.ஐ.ஆர். என்னும் புகார்ப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியைத் திரும்ப எடை போடச் சொல்லுங்கள். புறப்பட்டபோது 29 கிலோ, இப்போது 26 என்றால் யாராலும் மறுத்துப் பேச முடியாது. ஒருமுறை ஓர் அக்கா, ஏறின இடத்து மெஷின் படத்தைச் செல்போனில் நீட்டினார். லேப்டாப் போயிருந்தது. எடையில் இரண்டரைக் கிலோ வித்தியாசம். அன்று நான் எழுதிய படிவம்தான் என் வேலையில் எழுதியதிலேயே பலமானது. ஆனால் ஐந்து பவுன், அதாவது 40 கிராம் நகையை எந்த எடை மெஷினும் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் நகை, பணம், பாஸ்போர்ட், மருந்து எல்லாம் கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும் என்று நச்சரிக்கிறேன்.

படிவம் வாங்கியதோடு வேலை முடியவில்லை. சர்வதேசப் பயணத்தில், விமான நிறுவனங்கள் தர வேண்டிய நஷ்டஈட்டைப் பற்றிய மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும், இந்தியாவுக்கு அது 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெட்டி கையில் கிடைத்த 7 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாள். கவுண்டர் படிவமே போதும் என்று இருந்துவிடாமல் மின்னஞ்சலும் அனுப்புங்கள், பில்களையும் சேர்த்து. திருட்டு என்பதால் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் இருந்தால் கேட்பார்கள். நஷ்டஈட்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். அதுவும் நிரூபித்த இழப்புக்குத்தான். அந்தத் தம்பியின் ஐந்து பவுனுக்கு அது காணாது. இதைவிட மதிப்புள்ளதை அனுப்பியே தீர வேண்டும் என்றால், செக்-இன் செய்யும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டும் வழி உடன்படிக்கையிலேயே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

டேக் படம் எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023இல் பிரேசிலின் சாவோ பாலோ விமான நிலையத்தில் இரண்டு பெண்களின் டேகை ஊழியர்கள் கழற்றிப் போதைப்பொருள் பெட்டிகளில் மாட்டிவிட்டார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கிய அந்தப் பெண்கள் ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார்கள். கேமராப் பதிவு கிடைத்த பிறகுதான் வெளியே வந்தார்கள். உங்கள் பெட்டியின் நிறமும் எடையும் டேக் எண்ணும் உங்கள் போனிலேயே இருப்பது நல்லதுதானே.

அப்புறம், என்னை அதிகம் வருத்தப்பட வைத்த விஷயம். மேலே வைக்க இடமில்லை என்று விமானத்தின் வாசலில் உங்கள் கைப்பெட்டியை வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். இத்தனை பத்திரமாக நகையை அதில்தான் வைத்திருப்பீர்கள், பூட்டும் இருக்காது. பின்னால் வரிசை நிற்கிறது, ஊழியர் அவசரப்படுத்துகிறார், நீங்களும் கொடுத்துவிடுவீர்கள். இதற்காகவே நகை, பணம், பாஸ்போர்ட் மூன்றையும் தனியாக ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு அந்தப் பெட்டியின் மேல் அறையில் வையுங்கள். கேட்டால், "ஒரு நிமிஷம் இருங்க, இதை மட்டும் எடுத்துக்கறேன்" என்று உருவி எடுத்துக்கொண்டு, பெட்டியைக் கொடுங்கள். ஓரமாக நின்று பையைத் தோளில் மாட்டிக்கொள்ளும்வரை உங்களை விட்டுவிட்டு விமானம் போய்விடாது.