உள்ளே போன ஆக்சிஜன் என்ன ஆகிறது?

நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜன்தான் கார்பன் டை ஆக்சைடாக மாறி மூச்சில் வெளியேறுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். பள்ளியில் எழுதிப் பழகிய சமன்பாடும் அப்படியே எண்ண வைக்கிறது. உண்மையில் அந்த ஆக்சிஜன் செல்லுக்குள் நீராகிவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன் நாம் உண்ட உணவிலிருந்தும் செல்லில் இருக்கும் நீரிலிருந்தும் வந்தது.

சர்க்கரையை நெருப்பிலிட்டால் அதன் ஆற்றல் முழுவதும் வெப்பமாகவும் ஒளியாகவும் போய்விடும். செல்லோ, படிக்கொரு நொதியை வைத்து, உடலின் வெப்பநிலையிலேயே அதைச் சிறுகச் சிறுகச் சிதைக்கிறது. முதலில் செல்லின் உள்நீர்மமான சைட்டோபிளாசத்தில், ஆறு கார்பன்களைக் கொண்ட குளுக்கோஸ் பத்துப் படிகளில் இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாகப் பிளக்கப்படுகிறது. செல் தன் வேலைகளுக்கு உடனே செலவிடக்கூடிய ஏ.டி.பி. மூலக்கூறுகளில் 2 இதற்குச் செலவாகி 4 கிடைப்பதால், மிச்சம் 2. இக்கட்டத்துக்கு ஆக்சிஜன் தேவையில்லை. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலெடுக்கும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா இல்லாத முதிர்ந்த சிவப்பணுக்கள் இந்தச் சொற்ப வருமானத்தைக் கொண்டே ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்துவிடுகின்றன.

மற்ற செல்களில் பைருவிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் செல்கிறது. அங்கு, 1937இல் ஹான்ஸ் கிரப்ஸ் விளக்கிய சுழற்சியோடு முடியும் வினைகளில், அதன் கார்பன்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கார்பன் டை ஆக்சைடாகின்றன. இங்கும் நேரடியாகக் கிடைக்கும் ஏ.டி.பி. குறைவே. பெருஞ்செல்வம், உணவிலிருந்து உருவி எடுக்கப்பட்ட எலக்ட்ரான்களில் இருக்கிறது.

அவை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்துள்ள புரதங்களின் வழியே ஒவ்வொரு படியாக இறங்குகின்றன. அப்போது விடுபடும் ஆற்றலைக் கொண்டு அப்புரதங்கள் புரோட்டான்களை, அதாவது ஹைட்ரஜன் அயனிகளை, சவ்வின் வெளிப்புறத்துக்கு இறைத்துத் தேக்குகின்றன. சவ்வின் இரு புறங்களுக்கிடையே உண்டாகும் மின்னழுத்தம் சுமார் 150 மில்லிவோல்ட்தான். ஆனால் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர் என்பதால், கணக்கிட்டால் அது மீட்டருக்கு 3 கோடி வோல்ட் ஆகிறது. காற்றில் மின்பொறி தெறிக்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும்!

தேங்கிய புரோட்டான்கள் ஏ.டி.பி. சிந்தேஸ் என்னும் நொதியின் வழியாக உள்ளே திரும்பிப் பாயும்போது, அந்நொதியின் ஒரு பகுதி உண்மையாகவே சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 3 ஏ.டி.பி. உருவாகின்றன. புரோட்டான் தேக்கமே ஆற்றலைக் கைமாற்றுகிறது என்று 1961இல் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்நொதியின் மீது ஒளிரும் புரத இழை ஒன்றை ஒட்டி, அது சுழல்வதை நுண்ணோக்கியில் நேரில் கண்டனர். அவர்கள் ஏ.டி.பி.யை ஊட்டி நொதியை எதிர்த்திசையில் ஓட்டியிருந்தார்கள் என்பது சுவையான செய்தி. ஒரு குளுக்கோஸிலிருந்து மொத்தம் 30 முதல் 32 ஏ.டி.பி. கிடைப்பதாக இப்போது மதிப்பிடுகிறார்கள். பழைய பாடநூல்களில் உள்ள 38 என்பது புரோட்டான் கசிவுகளையும், பொருள்களைச் சவ்வின் வழியே கடத்தும் செலவையும் கழிக்காத கணக்கு.

ஆக்சிஜனின் பங்கு வரிசையின் கடைசியில் வருகிறது. இறங்கி வந்த எலக்ட்ரான்களை ஏற்று, புரோட்டான்களோடு சேர்ந்து அது நீராகிறது. அது ஏற்காவிட்டால் பின்னால் வரும் எலக்ட்ரான்கள் அனைத்தும் தேங்கி நின்றுவிடும். சயனைடு இக்கடைசிப் புரதத்தைத்தான் அடைக்கிறது. செல்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள முடியாமல் போவதால், அந்நஞ்சுக்கு ஆளானவரின் சிரை இரத்தம்கூடத் தமனி இரத்தத்தைப் போலச் செக்கச்செவேலென்று இருக்கும்.