‘டைகர் மாம்’ தமிழில் யார்?

பிள்ளைகளை விரட்டி விரட்டிப் படிக்கவைக்கும் அம்மாவை ‘டைகர் மாம்’ என்கிறோம். இந்தப் பேச்சு பரவியது 2011 சனவரியில். யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஏமி சுவா, தன் இரு மகள்களை வளர்த்த கதையை நூலாக எழுதினார். தோழி வீட்டில் இரவு தங்கக் கூடாது, டிவி கூடாது, ‘ஏ’-க்குக் குறைந்த மதிப்பெண் கூடாது. ஒருத்திக்குப் பியானோ, மற்றவளுக்கு வயலின். சீன அம்மாக்களே மேல் என்ற பொருளில் ஒரு நாளிதழ் தலைப்பிட்டு நூலின் பகுதியை வெளியிட்டதும் அமெரிக்கா இரண்டுபட்டது. கொடுமைக்காரி என்றது ஒரு பக்கம். எங்கள் அம்மாவும் இப்படித்தான், நன்றாகத்தானே இருக்கிறோம் என்றது மறுபக்கம். அந்த நாளிதழ்த் தலைப்பு நான் வைத்ததில்லை என்றார் சுவா. சின்ன மகள் எதிர்த்து நின்றதும் தாய் இறங்கி வந்ததும் நூலிலேயே உண்டு. சண்டையில் அது அதிகம் அடிபடவில்லை.

நூலின் பெயரில் புலி எப்படி வந்தது? அவர் பிறந்த 1962 சீனர் கணக்கில் புலி ஆண்டு. சீற்றத்தை மட்டும் பார்த்து வைத்த பெயரில்லை.

சரி, ‘புலித்தாய்’ என்று பெயர்த்தால்? இடிக்கும். புறநானூற்றின் 86ஆம் பாட்டில், உன் மகன் எங்கே என்று கேட்டவளுக்குக் காவற்பெண்டு என்ற பெண்புலவர் பதில் சொல்கிறார்: எங்கிருக்கிறானோ அறியேன், புலி இருந்து போன கற்குகைபோல அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது. நமக்குப் புலி பிள்ளைதான், தாய் குகை. புலித்தாய் என்றால் புலியைப் பெற்றவள் என்றே காதில் விழும்.

காரைக்குடிப் பக்கம் புழங்கும் சொற்கள் வேறு. ‘கண்டிப்பு’ வெட்டுதல் என்னும் பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது. கண்டதுண்டமும் கண்டனமும் அதன் பங்காளிகள். ‘கறார்’ அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாக வந்த சொல். முடிவு, உடன்பாடு என்பது பழைய பொருள். கறார் விலை என்கிறோமே, அது. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தவர்களின் ஊர் இது. கணக்கு ஒரு காசு உதைத்தாலும் கண்டுபிடிக்காமல் படுக்க விடமாட்டார்கள் என்பார் எங்கள் ஐயா. அவருக்குக் கறார் வசைச்சொல் அல்ல.

மூன்றாவது ‘கெடுபிடி’. பனிப்போரைக் கெடுபிடிப் போர் என்றும் எழுதுவார்கள்; அதில் மிரட்டல் இருக்கிறது.

மகள்கள் அவசரமாகச் செய்து நீட்டிய பிறந்தநாள் வாழ்த்து அட்டையை, இதைவிட நன்றாகச் செய்து வா என்று சுவா திருப்பிக் கொடுத்ததை அப்பத்தாவிடம் சொன்னேன். பியானோ, மதிப்பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவர் இங்கே நிறுத்தினார். “பிள்ளை கொடுத்ததையா? முதல்ல கைநீட்டி வாங்கிக்கணும்ப்பா. அப்புறம் திட்டிக்கலாம்.”

ஆகவே டைகர் மாமுக்கு என் பரிந்துரை ‘கறார் அம்மா’. அந்த அட்டை விஷயத்துக்கு மட்டும் கெடுபிடி.