சோளகர் காடும் வன உரிமைச் சட்டமும்: பெரியவர் வாக்கும் ஆதாரம்தான்

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் இருக்கும் ரங்கநாதர், அங்குள்ள பழங்குடியினரான சோளகர்களுக்கு மச்சான் முறை. தங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டியவர் என்பது அவர்கள் நம்பிக்கை. அங்கே தொட்ட சம்பிகே என்ற பழைய சண்பக மரமே ஒரு கோயில். நம் சத்தியமங்கலம் காட்டிலும் இதே சோளகர்கள் வாழ்கிறார்கள்.

1974இல் அந்த மலை சரணாலயமானது. வேட்டைக்கும், இடம் மாற்றி விதைக்கும் காட்டு வேளாண்மைக்கும் தடை வந்தது. பல குடும்பங்கள் தங்கள் பழைய பொடுகளை (ஊர்களை) விட்டு வெளியேற்றப்பட்டன. கோடைத் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் வைக்கும் சிறு தீயும் நின்றுபோனது. அது நின்ற பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். காட்டைத் தெரிந்தவர்களின் பேச்சு அது, அலட்சியப்படுத்தக் கூடாது.

இவர்களுக்கு வழி திறந்தது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2011இல் இம்மலையின் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை (ஊரே சேர்ந்து அனுபவிக்கும் காட்டு உரிமை) கிடைத்தது. அதே ஆண்டில்தான் அது புலிகள் காப்பகமாகவும் ஆகியிருந்தது. காப்பகம் என்றால் உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

சரி, யார் கேட்கலாம்? 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் வசித்து, காட்டை நம்பி வாழும் பழங்குடியினர் கேட்கலாம். மற்றவர்கள் என்றால் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். உழுதுவரும் நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை பட்டா உண்டு. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. தேன், நெல்லி, கல்பாசி சேகரிக்கவும் விற்கவும், காட்டை ஊரே காத்து நிர்வகிக்கவும் தனி உரிமைகள் உண்டு.

மனு கிராம சபைக்குத்தான் போகும். அது அமைக்கும் வன உரிமைக் குழு இடத்தை நேரில் பார்க்கும். அப்புறம் உட்கோட்டக் குழு, கடைசியாக ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு.

ஆதாரம் குறைந்தது இரண்டு வேண்டும். பலர் தயங்குவது இங்கேதான்: ‘எங்களிடம் காகிதம் ஏது?’ காகிதம் மட்டுமே ஆதாரம் இல்லை. முன்னோர் புதைந்த இடம், பழைய கிணறு, சாமி மரம் எல்லாம் செல்லும். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் ஆதாரம். காட்டோடு வாழ்ந்த வரலாற்றையே சாட்சியாக ஏற்கும் இந்த விதிதான், என் பார்வையில், சட்டத்தின் உயிர். பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

மனு விசாரணையில் இருக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிராம சபை நிராகரித்தால் உட்கோட்டக் குழுவிடமும், அதுவும் மறுத்தால் மாவட்டக் குழுவிடமும் 60 நாளுக்குள் முறையிடலாம்.