லிச்கேட்: உடல் வந்து நிற்கும் வாயில்

இங்கிலாந்தின் பழைய கிராமத்துத் தேவாலயப் படங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் குட்டையான கற்சுவர், அதன் நடுவே கூரை போட்ட ஒரு சின்ன வாயில். நான்கோ ஆறோ ஓக் மரத் தூண்கள், இருபுறமும் சரியும் ஓட்டுக்கூரை, உள்ளே இரண்டு பக்கமும் திண்ணை மாதிரி இருக்கை. இதன் பெயர் லிச்கேட். தமிழில் எழுதும்போது பெரும்பாலும் 'தேவாலய நுழைவாயில்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அந்த வாயிலை எதற்காகக் கட்டினார்களோ அது பெயரிலேயே இருக்கிறது. நாம்தான் அதை விட்டுவிடுகிறோம்.

'கேட்' தெரியும். 'லிச்'? பழைய ஆங்கிலத்தில் 'லீச்' என்றால் உடல். உயிரோடு இருக்கும் உடலுக்கும் உயிர் போன உடலுக்கும் அதே சொல்தான். 'உடல் உறவினர்களிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே, அந்த 'உடல்' மாதிரி. ஜெர்மன் மொழியில் பிணத்துக்கு இன்றும் 'லைஹெ' என்றுதான் பெயர். 'போல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'லைக்' இதே வேரிலிருந்து வந்தது, 'ஒத்த உடல் கொண்டது' என்பது அதன் ஆதிப் பொருள். 'ஸ்லோலி', 'குவிக்லி' என்பவற்றின் கடைசியில் வருகிற 'லி'யும் இந்த வேர்தான். ஆந்தைக்கு 'லிச் அவுல்' என்று ஒரு பழைய பெயர் உண்டு, அலறினால் வீட்டில் சாவு விழும் என்ற பயத்தில் வைத்தது. நம் ஊர்ச் சாக்குருவியேதான்!

ஒரு எச்சரிக்கை. லிச்ஃபீல்டு என்ற ஊர்ப்பெயரைப் 'பிணங்களின் வயல்' என்று பலர் விளக்குவார்கள். அது தவறு. 'சாம்பல் நிறக் காடு' என்று பொருள்படும் லெட்டோகெட்டும் என்ற கெல்டியப் பெயர்தான் அங்கே உருமாறி நிற்கிறது.

சரி, வாயிலுக்கு வருவோம். அந்தக் காலத்தில் எல்லாத் தேவாலயத்திலும் அடக்கம் செய்துவிட முடியாது, அந்த உரிமை வட்டாரத்தின் தலைமைத் தேவாலயமான தாய்த் தேவாலயத்துக்குத்தான். தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்துப் பண்ணைக்காரர்கள் ஆற்றையும் சேற்றையும் கடந்து லிட்ஃபோர்டு வரை உடலைச் சுமந்து போனார்கள். அந்தத் தடத்துக்கு இன்றும் 'லிச் வே' என்றே பெயர். 1260-இல் எக்ஸிட்டர் ஆயர் இரங்கி, பேபெனி, பிஸ்வெல் என்ற இரண்டு குடியிருப்புகளுக்கு மட்டும் பக்கத்து ஊரான வைட்கோமில் அடக்கம் செய்ய அனுமதி கொடுத்தார்.

இப்படித் தோள் நோகச் சுமந்து வருபவர்கள் நேரே உள்ளே போய்விட முடியாது. பாதிரியார் வர வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் 1549-ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூல், பாதிரியார் தேவாலயத் தோட்டத்தின் நுழைவிடத்துக்கே வந்து உடலை எதிர்கொள்ள வேண்டும் என்கிறது. "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற வசனம் அங்கே தொடங்கும். அவர் வரும்வரை மழையிலும் பனியிலும் உடல் எங்கே இருக்கும்? ஏழைகளுக்குச் சொந்தமாகப் பெட்டிகூடக் கிடையாது. ஊர்ப் பொதுப்பெட்டியில் கொண்டுவந்து, குழியில் வெறும் துணி சுற்றிய உடலை இறக்கிவிட்டு, பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோவார்கள். அதற்காகத்தான் அந்தக் கூரை. சில வாயில்களில் நடுவே நீளமான ஒரு கல் மேடையும் உண்டு. உடலை அதில் இறக்கி வைத்துவிட்டு, சுமந்தவர்கள் திண்ணையில் உட்காருவார்கள்.

சுவரையும் சொல்லியாக வேண்டும். வடக்கே சாந்து இல்லாமல் அடுக்கிய கல், கிழக்கே சிக்கிமுக்கிக் கல், காட்ஸ்வோல்டில் தேன் நிறச் சுண்ணாம்புக் கல் என்று அந்தந்த மண்ணில் கிடைப்பதை வைத்துக் கட்டினார்கள். சுவருக்கு உள்ளே அபிஷேகம் செய்த நிலம், வெளியே ஆடு மாடு மேயும் நிலம். பல ஊர்களில் உள்தரை தெருவைவிட உயரமாக இருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் புதைத்துப் புதைத்து மண் ஏறியிருக்கிறது, சுவர் அதை அணை மாதிரித் தாங்கி நிற்கிறது. சசெக்ஸில் உள்ள கவ்ஃபோல்டில் சுவருக்குப் பதில் மரவேலி. எந்தப் பகுதியை எந்தப் பண்ணை பராமரிக்க வேண்டும் என்று பண்ணைகளின் பெயரையே அதில் செதுக்கியிருக்கிறார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பிணவாயில்' நேர்ப்பொருள்தான், ஆனால் காதுக்குக் கடுமை. 'மெய்வாயில்' அழகு, ஆனால் படிப்பவர் உண்மையின் வாயில் என்று எடுத்துக்கொள்வார். கிறிஸ்தவத் தமிழில் வழங்கும் 'நித்திய இளைப்பாற்றி'யிலிருந்து 'இளைப்பாற்றி வாயில்' என்று ஆக்கிப் பார்த்தேன், அதில் உடல் காணாமல் போய்விடுகிறது. நம் சுடுகாட்டு முகப்பில் பாடையை இறக்கி வைக்கும் அரிச்சந்திரன் கல் இதற்கு நெருங்கிய உறவு, ஆனால் அந்தப் பெயரை அங்கே கொண்டுபோய் ஒட்ட முடியாது. கடைசியில் சாலையோரச் சுமைதாங்கிதான் கைகொடுத்தது. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, உடலை இறக்கி வைக்க உடல்தாங்கி. ஆகவே 'உடல்தாங்கி வாயில்'. முன்பு கென்ட்டில் இருந்து இன்று லண்டனோடு சேர்ந்துவிட்ட பெக்கன்ஹாமில் இருப்பது 13-ஆம் நூற்றாண்டு உடல்தாங்கி வாயில் என்கிறார்கள், கென்ட்டில் பவுட்டன் மாஞ்செல்சியில் இருப்பது 1470-இல் கட்டியது. இப்படி எழுதிப் பார்த்தால் இடறவில்லை.

இன்று காணும் உடல்தாங்கி வாயில்களில் பல, முதல் உலகப் போருக்குப் பின் நினைவுச்சின்னமாகக் கட்டியவை. தூண்களிலும் உத்தரத்திலும் ஊர்ப் பிள்ளைகளின் பெயர் இருக்கும். வெளிநாட்டுப் போர்க்களங்களில் இறந்தவர்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர பிரிட்டிஷ் அரசு அனுமதிக்கவில்லை. அதனால் அந்தப் பெயர்களுக்கு உரிய உடல்களில் பெரும்பாலானவை அந்த வாயிலுக்கு வரவே இல்லை.