மலப்பதம்

போன வருஷம் அத்தையைப் பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்கு மருத்துவரிடம் கூட்டிப் போனேன். ஐ.பி.எஸ். என்கிற குடல் தொந்தரவு. "கன்சிஸ்டன்சி எப்படிம்மா இருக்கு?" என்று அவர் கேட்க, அத்தை என் முகத்தைப் பார்த்தார். "என்ன பதத்துல போவுது அத்தே?" என்றேன். உடனே பதில் வந்தது: "ரெண்டு நாளைக்கு ஆட்டுப் புழுக்கையாட்டம். அப்புறம் கூழாட்டம்."

கன்சிஸ்டன்சி லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். சேர்ந்து உறுதியாக நிற்பது என்பது வேர்ப்பொருள். இதை 'நிலைத்தன்மை' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. மாறாமல் இருப்பதைச் சொல்ல அது சரி. மலம் இறுகலா இளகலா என்று சொல்ல உதவாது. அதற்குத் தமிழில் பதம் இருக்கிறது.

நன்னூலின் பதவியலில் வரும் பதம் வேறு. அது சொல் என்று பொருள்படும் வடசொல். நாம் பேசுவது அடுப்படிப் பதம், அதாவது பக்குவம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு காட்டும் பதம். பாகுக்குக் கம்பிப் பதம், சித்த மருத்துவத் தைலத்துக்கு மெழுகு பதம், மணல் பதம்.

எங்கள் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம், களி கிண்டினால் போதும். கொதிக்கிற நீரில் கேழ்வரகு மாவைக் கொட்டித் துடுப்பால் அழுத்திக் கிளறி, ஈரக்கையால் தொட்டுப் பார்ப்பார் அத்தை. ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். தண்ணீர் கூடினால் குழையும், குறைந்தால் கட்டி தட்டும். மாவு அதேதான்.

குடலிலும் தண்ணீர்தான் கணக்கு. கழிவு பெருங்குடலில் அதிக நேரம் தங்கினால் நீர் உறிஞ்சப்பட்டு இறுகும். வேகமாக ஓடினால் இளகும். 1997-ல் வெளியான பிரிஸ்டல் அளவுகோல் மலப்பதத்தை 7 வகையாகப் பிரிக்கிறது. அத்தை சொன்ன புழுக்கை 1-ஆம் வகை, கூழ் 6-ஆம் வகை. 3-ம் 4-ம் சரியான பதம், 7 வெறும் தண்ணீர். ஐ.பி.எஸ்.-இல் மலச்சிக்கல் வகையா, பேதி வகையா, இரண்டும் கலந்ததா என்று பிரிப்பது இதை வைத்துத்தான்.

மருத்துவர் இசப்கோல் என்ற விதையின் உமியை எழுதிக் கொடுத்தார். அது ஒரு நார்ச்சத்து. அந்தப் பெயருக்குப் பாரசீகத்தில் 'குதிரைக் காது' என்று பொருள். விதையின் வடிவம் அப்படி. நீரைப் பிடித்துக் கொழகொழப்பாவதால் இறுகியதை இளக்கும், இளகியதைத் திரட்டும். கொஞ்சமாகத் தொடங்க வேண்டும், நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். நார்தானே என்று தவிட்டை அள்ளிப் போட்டால் சிலருக்கு உப்புசமும் வலியும் கூடும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் பேதி இருந்தால் ஐ.பி.எஸ். என்று விட்டுவிடாமல் சோதித்தே ஆக வேண்டும்.

ஊரில் மலம் என்று சொல்லவே கூசுவார்கள். 'வெளிக்குப் போவது' என்பார்கள். இலக்கணத்தில் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர். அந்தக் கூச்சத்தில் எத்தனையோ பேர் மருத்துவரிடம் பாதியை விழுங்கிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். பதம் அடுப்படிச் சொல் என்பதால் வாய் தயங்குவதில்லை. அத்தை இப்போது காலண்டரில் தினமும் ஓர் எழுத்து குறிக்கிறார்: புழுக்கைக்குப் 'பு', கூழுக்குக் 'கூ', நல்ல பதத்துக்குக் 'களி'யின் 'க'.